கவிஞர் குழுவின் தாள்களைத் திரட்டிக் காப்பது எப்படி: வானம்பாடிகளை முன்வைத்து

1971-இல் கோவையிலிருந்து வரத் தொடங்கிய ‘வானம்பாடி’ கவிதை இதழுக்கு விலை கிடையாது. அச்சடித்தார்கள், கொடுத்தார்கள், தபாலில் அனுப்பினார்கள். இலவசமாக வந்ததை யாரும் பைண்டு செய்து வைப்பதில்லை என்பதால் இதுபோன்ற இதழ்களின் முழு வரிசை கிடைப்பதே அரிது. அதைச் சுற்றி எழுதப்பட்ட கடிதம், கைப்பிரதி, புரூஃப், நோட்டீஸ், வரவு செலவு நோட்டு எல்லாம் அதைவிட அரிது.

தனிக் கவிஞர் ஒருவரின் தாள்கள் பெரும்பாலும் ஒரு வீட்டில் இருக்கும். குழுவினுடையவை அப்படி இருப்பதில்லை. வானம்பாடிக் கவிஞர்களில் புவியரசு, ஞானி, சிற்பி, மு. மேத்தா, தமிழ்நாடன் என்று ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு வேலை. ஒருவர் எழுதிய கடிதம் இன்னொருவர் பீரோவில் இருக்கும், அதற்கு வந்த பதில் எழுதியவர் பரணில் கிடக்கும். அச்சக பில், ஓடித் திரிந்து இதழை அச்சேற்றியவர் வீட்டில் இருக்கும். எனவே பெட்டி வாங்குவதற்கு முன் எந்த வீட்டில் எது இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள்.

வீட்டுக்கு ஒரு குறியெண் கொடுங்கள். அங்கிருந்து வரும் ஒவ்வொரு தாளும் கடைசிவரை அந்தக் குறியெண்ணோடுதான் இருக்க வேண்டும். எல்லாரிடமிருந்தும் வந்த கடிதங்களைக் கொட்டித் தேதிவாரியாக அடுக்கிவிட்டால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் எந்தக் கடிதத்தை யார் பத்திரப்படுத்தினார் என்ற செய்தி போய்விடும், அதை மறுபடி மீட்க வழியில்லை. தேதி வரிசை வேண்டுமானால் கணினிப் பட்டியலில் ஒரு நொடியில் வரும். தாள்கள் இருந்தபடியே இருக்கட்டும். கட்டை அவிழ்ப்பதற்கு முன் அலமாரி, கட்டு, மேலட்டை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தார் ‘இது வெறும் குப்பை’ என்று ஒதுக்குவதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும். கவிதைக் கைப்பிரதியை யாரும் எறிவதில்லை. எறியப்படுவது முகவரி நோட்டு. இதழ் எந்த ஊருக்கு எத்தனை போனது, எந்தக் கல்லூரி விடுதியில் படித்தார்கள், யார் பெயர் எப்போது அடிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நன்கொடை ரசீதின் அடிக்கட்டை, தபால்தலைக் கணக்கு, அரங்க வாடகைச் சீட்டு ஆகியவற்றையும் விடாதீர்கள். கவிஞர் குழுக்கள் கூட்டக் குறிப்பு எழுதி வைப்பது அபூர்வம். அவற்றின் உள்விவகாரம் கணக்கில்தான் தெரியும்.

தேதி கண்டுபிடித்தல்

பாதித் தாள்களில் தேதி இருக்காது, அல்லது ‘செவ்வாய் இரவு’ என்று இருக்கும். கடிதமானால் முதலில் தபால் முத்திரையைப் பாருங்கள். உறையைத் தனியாகக் கழற்றி வைப்பவர்கள் இந்த ஆதாரத்தைத் தாங்களே அழிக்கிறார்கள். உறையும் கடிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். முத்திரை மங்கியிருந்தால் விளக்கை மேசை மட்டத்தில் பக்கவாட்டில் வைத்து, தாளில் விழுந்த அழுத்தத்தைப் படிக்கலாம்.

முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் கடிதம் 1972 ஆகஸ்ட் 15-க்கு முந்தியதல்ல, அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. இல்லாவிட்டால் பழையது என்று முடிவு கட்ட வேண்டாம். பல பேர் பல ஆண்டுகள் பின்கோடு எழுதவே இல்லை. எழுத்துச் சீர்திருத்தமும் அப்படித்தான். தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை மாறி இன்றைய வடிவத்துக்கு அரசாணை வந்தது 1978-இல். பெரியார் இதழ்களை விட்டால், புதிய வடிவத்தில் அச்சான கவிதை நோட்டீஸ் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பழைய வடிவம் மட்டும் எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் அச்சகத்தில் இருந்த ஈய எழுத்து தேயும்வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரையிலான நெருக்கடிநிலைக் காலத்துத் தாள்களைச் சந்தேகத்தோடு படியுங்கள். தணிக்கை இருந்த காலம், பெயரைச் சுருக்கியும் செய்தியை மறைத்தும் எழுதியிருப்பார்கள். அச்சான தாளின் கடைசிப் பக்க அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும், 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அது அப்போது கட்டாயமாக இருந்தது. ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்ற வரியையும் குறித்துக்கொள்ளுங்கள், பதிவு செய்யாத சிற்றிதழ்கள் அதன் நிழலில்தான் வந்தன.

நீங்கள் ஊகித்த தேதியைத் தாளில் எழுதாதீர்கள். பட்டியலில் [ ] என்ற பகர அடைப்புக்குள் போட்டு, ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று அரை வரி சேருங்கள்.

கழற்றுவது, துடைப்பது

துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாள் கிழியும். ஸ்டேப்ளர் பின்னானால் தாளைக் கவிழ்த்து, மடிந்த கால்களுக்கு அடியில் மெல்லிய பாலியெஸ்டர் பிளாஸ்டிக் படலத் துண்டைச் செருகி, மழுங்கிய தகட்டால் கால்களை நிமிர்த்திய பிறகு மறுபக்கம் எடுக்க வேண்டும். பின் கழற்றும் கருவி வேண்டாம். அலுவலக டேக் நூலின் இரு முனைத் தகடும் துருப்பிடிப்பதுதான், எடுத்துவிடுங்கள். சேர்ந்திருந்த தாள்களை ஒரே மடிப்புத் தாளுக்குள் வைத்தால் போதும். ரப்பர் பேண்டு இளகி ஒட்டிக்கொண்டிருந்தால் ஆறவிட்டு, காய்ந்ததை மட்டும் சுரண்டுங்கள். செலோ டேப்பை உரிக்க முயன்றால் எழுத்தும் சேர்ந்து வரும், அதை ஆவணப் பராமரிப்பு தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். தூசிக்கு உலர்ந்த மென்தூரிகை போதும், நடுவிலிருந்து ஓரத்துக்கு.

லேமினேஷன் கூடவே கூடாது. செய்தித்தாள் ரகத் தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள்தான் அமிலத்தை உண்டாக்கி அதை மஞ்சளாக்கி நொறுக்குகிறது. பிளாஸ்டிக்கில் அடைத்தால் அமிலமும் உள்ளேயே அடைபடும், பிறகு பிரிக்கவும் முடியாது. கிழிசலை ஒட்ட பைண்டிங் பசையை எடுக்காதீர்கள். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலப்பது வழக்கம், அந்தச் செம்பு தாளை இன்னும் வேகமாக அரிக்கும். கலப்பில்லாத கோதுமை ஸ்டார்ச் பசையும் ஜப்பானியத் திசுத்தாளும்தான் சரி. அவை இல்லையென்றால் ஒட்டாமலே மடிப்புத் தாளில் வையுங்கள்.

வைக்கும் இடம்

அமிலமற்ற மடிப்புத் தாளும் பெட்டியும் நல்லது. கட்டுப்படியாகாவிட்டால் துவைத்துக் கஞ்சி போக்கிய, சாயம் போடாத பருத்தித் துணியில் சுற்றலாம். சிவப்புத் துணி வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். பெட்டியில் தாளைத் திணிக்கவும் கூடாது, சரியும்படி காலியாகவும் விடக்கூடாது.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்தில் ஏறி இறங்காமல் இருப்பது நல்லது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை. வடகிழக்குப் பருவமழையில் இது எளிதில் தாண்டும், அதனால் ஈரமானி ஒன்றை உள்ளேயே வையுங்கள். பீரோ சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கட்டும், அடித்தட்டு தரையைத் தொடக்கூடாது. கரையான் ஏறுவதும் சுவர் ஈரம் கசிவதும் அப்போதுதான் கண்ணில் படும். அந்துருண்டை, வேப்பிலை, வசம்பு எதுவும் தாளோடு தாளாக வேண்டாம். இலை கறைபடுத்தும், அந்துருண்டை நெடி படிப்பவர் உடம்புக்குக் கேடு. ராமபாணப் பூச்சி இருக்கும் கட்டைப் பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, –18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லையென்றால் தாள் மேல் நீர் கோத்துக்கொள்ளும். புகைப்படத்தையும் கேசட்டையும் அதில் வைக்காதீர்கள்.

ஸ்கேனும் பட்டியலும்

அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), கையெழுத்துக்கு 400. இரண்டையும் வண்ணத்திலேயே எடுங்கள். நீல மையில் எழுதிய வரியை இன்னொருவர் சிவப்பில் திருத்தியிருப்பது கறுப்பு வெள்ளையில் ஒரே கையாகத் தெரியும், குழுவின் கைப்பிரதியில் அந்தத் திருத்தம்தான் விஷயமே. மூலப்படி தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில், புழக்கத்துக்கு பிடிஎஃப். வெற்றுப் பின்பக்கத்தையும் விடாதீர்கள், அழுத்தி எழுதிய தடம் அங்கேயும் இருக்கும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில்.

பட்டியலில் வீட்டுக் குறியெண், பெட்டி, கோப்பு, யார் யாருக்கு, தேதி, தாள் எண்ணிக்கை, நிலை, அதோடு ‘இணை’ என்று ஒரு கட்டம். இந்தக் கடிதத்தின் பதில் வேறு எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த எண் அதில் போகும். சிதறிய குழு ஒன்றுசேர்வது அந்தக் கட்டத்தில்தான். புனைபெயருக்குத் தனி அட்டவணை வேண்டும். ஞானி என்பதும் கி. பழனிச்சாமி என்பதும் ஒருவரே என்று தெரியாமல் பட்டியலிட்டால் ஒரு மனிதர் இரண்டாகிவிடுவார்.

ஒப்படைக்கும்போது

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்குக் கொடுப்பதானால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கட்டும். தாள் யாருடையது என்பது வேறு, பதிப்புரிமை யாருடையது என்பது வேறு. கடிதத்தை வைத்திருப்பவருக்கு அதை வெளியிடும் உரிமை இல்லை. அது எழுதியவருக்கும், அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் உரியது. எழுதியவர் வாழ்நாளில் வெளிவராத கடிதமானால், 60 ஆண்டுக் கணக்கு அது முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்துதான் தொடங்கும். ஆகவே ஒரு வீட்டுக் கடிதக்கட்டை இணையத்தில் ஏற்ற, எழுதிய ஒவ்வொருவரின் குடும்பத்திடமும் தனித்தனியே சம்மதம் வாங்க வேண்டும். சண்டைக் கடிதங்கள் இல்லாத குழு இல்லை. குடும்பத்தார் தயங்கும் கட்டை எரித்துவிடாமல், இத்தனை ஆண்டு வரை திறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி மூடி ஒப்படையுங்கள். பட்டியலில் மட்டும் அதன் எண்ணும் தாள் எண்ணிக்கையும் இருக்கட்டும்.