சிமெண்டுக் கல் பேனல்: நான் செய்து கெடுத்த தவறுகள்

போன மாதம் பினாங்கில் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, அளவு எடுக்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு போர்ச்சில் ஒரு தம்பி தனியாளாக வேலை செய்துகொண்டிருந்தார். நிஜக் கல் மாதிரி தெரிய சுவரில் ஒட்டுகிற, சிமெண்டுக் கலவையை அச்சில் வார்த்த சாம்பல் நிறக் கற்கள் தரையில் வரிசையாக இருந்தன. பசை கலந்த வாளியை நிழலில் வைத்திருந்தார், நூல் கட்டி மட்டம் பார்த்திருந்தார். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. கிட்டே போனால் சுவரில் இளமஞ்சள் பெயிண்டு. அதன் மேல் கிரைண்டரால் பெருக்கல் குறி, பெருக்கல் குறியாகக் கீறியிருந்தார்.

"பெயிண்டை எடுக்கலையா தம்பி?"

"அதான் கீறிட்டேனே அண்ணே. பசை உள்ள போய் பிடிச்சிக்கும்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பதிலை, ஏறக்குறைய இதே வார்த்தையில், நானும் ஒருவருக்குச் சொன்னேன். அது எனக்கு என்ன செலவு வைத்தது என்பது கீழே வருகிறது.

கையுறை போடு, மூட்டையை ஈரத்தரையில் வைக்காதே என்பதெல்லாம் இங்கே இல்லை. அது மூட்டையிலேயே அச்சாகியிருக்கும். வேலை கைக்கு வந்த பிறகும் விடாமல் நாம் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

மழையில் நனைந்த மணல்

புதிதாக வருகிறவர்கள் தண்ணீரை அளந்துதான் ஊற்றுகிறார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மணலுக்குள் ஏற்கெனவே இருக்கிற தண்ணீரை யாரும் அளப்பதில்லை.

ஒரு 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 22 லிட்டர் சொச்சம் தண்ணீர் என்றால் கலவை கெட்டியாக, நல்ல பலத்தோடு வரும். பினாங்கில் சாயங்கால மழையில் ராத்திரி முழுக்க நனைந்த மணலில் 100 கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணீர் ஒளிந்திருப்பது சாதாரணம். அதைக் கழிக்காமல் அதே 22 லிட்டரை ஊற்றினால் உள்ளே போவது 28 லிட்டர். கலவை அச்சில் அழகாக வழிந்து ஓடும், மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும், கை தட்டத் தோன்றும். காய்ந்த பிறகு விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள், மாவு கொட்டும். தண்ணீர் போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாக நிற்கும்.

நிறமும் மாறிவிடும். அதே இரும்பு ஆக்சைடு நிறத்தூள், அதே எடைதான். ஆனால் தண்ணீர் கூடிய கலவை வெளிறிப் போகும், குறைந்தது கறுத்து நிற்கும். திங்கட்கிழமை வார்த்ததையும் வியாழக்கிழமை வார்த்ததையும் ஒரே சுவரில் வைத்தால் இரண்டு கடையில் வாங்கினது போல இருக்கும். மணல் மேல் ஒரு கேன்வாஸ் போட்டால் போதும். கலவை ஓடவில்லை என்றால் தண்ணீர் வாளியைத் தொடாதீர்கள், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்குகிற பிளாஸ்டிசைசர் கொஞ்சம் விடுங்கள், அச்சைத் தட்டி அதிர வையுங்கள்.

நிறம் பத்தவில்லை என்று அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. சிமெண்டு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூட்டைக்கு 5 கிலோ, அதுதான் உச்ச எல்லை. அதற்கு மேல் நிறமும் ஏறாது, பலமும் குறையும்.

ரப்பர் அச்சுக்கு கறுப்பெண்ணெய்

என் பாட்டி பிறை பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தப் பேரனுக்கே இது தெரியாமல் போனதுதான் வெட்கம். பால்மரத்து ரப்பரில் செய்த அச்சுக்கு பெட்ரோலிய எண்ணெய் ஆகவே ஆகாது. ஒர்க்‌ஷாப்பில் சும்மா கிடைக்கிறதே என்று பழைய எஞ்சின் எண்ணெயை, கல் அச்சில் ஒட்டாமல் கழன்று வருவதற்காகத் தடவினேன். பத்து நாளில் அச்சு ஊறிப் பெருத்து, கல்லின் கூர்மையான விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிவிட்டது. வார்த்த கல்லிலும் கறுப்புக் கறை. அது எந்தப் பிரஷுக்கும் போகவில்லை.

இந்த அச்சுக்கு சோப்புத் தண்ணீர் போதும். சிலிகான் அச்சுக்குப் பெரும்பாலும் எதுவுமே தேவையில்லை. பாலியூரிதேன் அச்சுக்கு மட்டும் அதற்கென்று விற்கிற ரிலீஸ் ஏஜென்ட் வேண்டும், அதையும் மெல்லிசாகத்தான் அடிக்க வேண்டும்.

முதல் வாரத்தில் வெயில்

வார்த்த கல்லை நிழலில், பிளாஸ்டிக் தாளுக்குள் வையுங்கள். ஏழு நாள்.

பெயிண்டின் மேல் ஒட்டுவது

இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

புக்கிட் மெர்தாஜாமில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வீடு. இரண்டு மாடி டெரஸ். போர்ச் பக்கச் சுவருக்கு மட்டும் கல் வேண்டும் என்றார், மொத்தம் 150 சதுர அடி. அடிக்கு 22 வெள்ளி (ரிங்கிட்) பேசினோம், 3,300 வெள்ளி. எனக்கு அப்போது அது பெரிய வேலை. சுவரில் பெயிண்டு நன்றாகத்தான் இருந்தது. உரியவும் இல்லை, உப்பவும் இல்லை. ஆகவே அதை எடுக்கிற இரண்டு நாள் கூலியை மிச்சம் பிடித்தேன். சுத்தியால் அங்கங்கே கொத்திவிட்டு, ஹார்ட்வேர் கடையில் சொன்னபடி பசை நன்றாகப் பிடிக்க, வெள்ளையாகப் பால் மாதிரி இருக்கும் பான்டிங் ஏஜென்ட் ஒரு கை அடித்தேன். பசையில் மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை. மூட்டையில் சி2 என்று போட்டிருந்த, விலை கூடின பசை. "இது பிடிச்சா யானை கட்டி இழுத்தாலும் வராது டீச்சர்" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

நாலு மாசம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம், விடாத மழை. காலை ஆறரைக்கு டீச்சர் போன் செய்தார். திட்டவில்லை. "கொஞ்சம் வந்துட்டுப் போறியாப்பா?" என்றார், அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் மேல் இரண்டு வரிசை மொத்தமாக இறங்கி காரின் பானெட் மேல் கிடந்தது. டீச்சரின் பேத்தி தினமும் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடச் சப்பாத்து மாட்டுவாளாம். அதைக் கேட்ட பிறகு எனக்குக் கால் நிற்கவில்லை.

விழுந்த கல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பசை கல்லை விட்டு ஒரு மயிரிழை கூட நகரவில்லை. கரண்டியின் பல் இழுத்த கோடுகள் நசுங்கி, முழுசாகப் பிடித்திருந்தன. அந்தப் பசையின் முகத்தில், போஸ்டர் ஒட்டினது போல, டீச்சர் வீட்டுக் கிரீம் கலர் பெயிண்டு. நகத்தால் அதை உரித்தேன். அடியில் இன்னொரு வெளிர்நீலத் தோல், வீட்டைக் கட்டி விற்ற காலத்துப் பூச்சு. அதற்கும் அடியில் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒரு தூள். நான் வாங்கின விலை உயர்ந்த பசை அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. பெயிண்டைப் பிடி என்றேன், அது பெயிண்டைப் பிடித்தது. அந்தப் பெயிண்டைச் சுவரோடு பிடித்து வைக்க யாரும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2 சென்டிமீட்டர் கனத்தில் மணலும் சிமெண்டும் கலந்து வார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாது. 150 சதுர அடி என்பது 14 சதுர மீட்டர். பசையும் சேர்த்தால் 600 கிலோவைத் தாண்டும், ஏறக்குறைய ஒரு கஞ்சில், அந்தச் சின்னக் காரின் எடை. பெயிண்டு தன் சொந்த எடையை மட்டும் தாங்கச் செய்த பொருள். காகித கனம் கூட இல்லாத அந்தத் தோலில் ஒரு காரைத் தொங்க விட்டிருக்கிறேன். பகலில் வெயில் பட்டுக் கல் விரியும், மழை அடித்ததும் சுருங்கும், தினமும் பெயிண்டை இழுத்து இழுத்துப் பார்க்கும். பின்னால் ஈரம் தங்கி எமல்ஷன் பெயிண்டும் இளகிவிடும். நாலு மாசம் நின்றதுதான் ஆச்சரியம்.

கொத்தின இடத்தில் பிடித்திருக்காதா என்று கேட்பீர்கள். பிடித்திருந்தது. சுவரில் நான் கொத்தின குழிகளில் மட்டும் பசை மொட்டு மொட்டாக ஒட்டிக்கொண்டு நின்றது. மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. பெருக்கல் குறிக் கீறலிலும் இதே கதைதான். பான்டிங் ஏஜென்ட்டும் பெயிண்டின் மேலேதான் உட்கார்ந்திருந்தது, பெயிண்டு கழன்றதும் கூடவே வந்துவிட்டது.

பானெட் செலவு, மீதிக் கல்லை உடைத்து எடுத்த கூலி, மறுபடி வார்த்தது, சுவரைச் சுரண்டிப் பூசினது எல்லாம் சேர்ந்து 5,000 வெள்ளிக்கு மேல் போனது. சம்பாதித்தது 3,300. மிச்சம் பிடித்தது இரண்டு நாள் கூலி.

இதற்கு வழி கஷ்டமே இல்லை, அலுப்பு மட்டும்தான். கிரைண்டரில் டைமண்ட் கப், அதாவது வைரத்துகள் பதித்த கிண்ணம் மாதிரியான தேய்ப்புச் சக்கரம், மாட்டி பெயிண்டை முழுக்க எடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன், நல்ல மாஸ்க் போடுங்கள். பெயிண்டு போனதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் ஊர் வீடுகளில் பெயிண்டுக்கு அடியில் பெரும்பாலும் ஸ்கிம் கோட் இருக்கும், வெள்ளையாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதுவும் கல்லைத் தாங்காது, அதையும் எடுக்க வேண்டும். சாம்பல் நிறப் பூச்சு தெரிய வேண்டும், மணல் கையில் உறுத்த வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுவர் அதைக் குடித்து உடனே கறுத்தால் சரி. முத்து முத்தாக உருண்டு இறங்கினால் இன்னும் ஏதோ மேலே இருக்கிறது. பூச்சைத் தட்டும்போது டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் அந்தப் பூச்சையே இடித்துவிட்டு, கம்பி வலையை செங்கல்லில் இறுக்கி, புதிதாகப் பூச வேண்டும்.

சந்தேகம் இருந்தால் மூன்று கல்லை ஒட்டி ஒரு வாரம் விடுங்கள். உளி வைத்துப் பெயர்த்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். கல் உடைந்து வந்தால் தாராளமாக ஒட்டலாம். பெயிண்டோடு வந்தால் கிரைண்டரை எடுங்கள்.

கல்லின் முதுகையும் மறக்காதீர்கள். அச்சில் மேல்பக்கமாக இருந்த முகத்தில் சிமெண்டுப் பால் ஏறி வழவழவென்று இறுகியிருக்கும். கலவை இறுகத் தொடங்கும்போதே சீப்பு மாதிரி எதையாவது வைத்துக் கீறி விடுங்கள். ஒட்டும்போது சுவரிலும் பசை, முதுகிலும் பசை.

எல்லாக் கல்லும் ஒரே முகம்

ஆறு அச்சாவது வேண்டும். இரண்டு அச்சில் முழுச் சுவரை வார்த்தால் அதே வெடிப்பும் அதே குழியும் திரும்பத் திரும்ப வந்து, டீ குடிக்க வந்த விருந்தாளி கூடக் கண்டுபிடித்துவிடுவார். பினாங்குத் தீவே கருங்கல்லால் ஆனது. தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறும்போது பக்கத்துப் பாறையைப் பார்த்தவர்களிடம் பொய்க் கல்லை விற்கிறோம், கொஞ்சம் மெனக்கெட வேண்டாமா?

உப்புப் பூத்தால் ஆசிட்

புதுக் கல்லில் வெள்ளை பூப்பது சகஜம். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு தண்ணீரோடு வெளியே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. பயந்துபோய் டாய்லெட் கழுவுகிற ஆசிட்டை ஊற்றுகிறார்கள். வெள்ளை போகும், கூடவே மேல் சிமெண்டும் நிறமும் போய் மணல் பல்லைக் காட்டும். காய்ந்த பிரஷால் தேயுங்கள், மிச்சத்தை இரண்டு மழைக்கு விட்டுவிடுங்கள்.

பளபள வார்னிஷ்

உள்ளே ஈரம் மாட்டி பால் மாதிரி மங்கும். சுவாசிக்கிற சைலேன் சீலர் வாங்குங்கள்.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடு

வேண்டாம். அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் அந்தப் பூச்சு வழியாகத்தான் வெளியே போகிறது. அதை சிமெண்டுக் கல்லால் மூடினால் ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பு செங்கல்லையே பொடியாக்கும். போதாததற்கு, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின வட்டாரத்துக்குள் முகப்பைத் தொட மாநகராட்சி அனுமதி வேண்டும். கடைக்காரர் எவ்வளவு பணம் காட்டினாலும் நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

சிம்பாங் அம்பாட் தம்பி அன்றைக்கு என்னை நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. முந்தின நாள் ஒட்டினதில் ஒன்றைப் பெயர்த்துக் காட்டச் சொன்னேன். உளியை ஓரத்தில் வைத்து ஒரே தட்டு, கல் அலுங்காமல் கையில் வந்தது. திருப்பினார். பின்பக்கம் முழுக்க இளமஞ்சள், நடுவில் அவர் போட்ட பெருக்கல் குறி மட்டும் சாம்பல் நிறத்தில். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டைமண்ட் கப் என்ன விலை அண்ணே?" என்றார். லோரியிலிருந்து என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை.