மழை விடுமுறை: பள்ளிகளும் பெற்றோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாவட்டத் தலைநகரில் எவ்வளவு மழை பெய்கிறது என்பதைப் பார்த்துப் பள்ளி விடுமுறையை முடிவு செய்வதே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நேரக்கூடிய தவறுகளில் பெரியது. தருமபுரி நகரில் தூறல் மட்டும் விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில், சித்தேரி மலைப்பாதையிலோ வத்தல்மலைப் பாதையிலோ மண் சரிந்து கிடக்கலாம். ஓசூரில் வெயில் அடிக்கும்போது அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டாறு கரை புரண்டு ஓடலாம். பள்ளிக் கட்டடம் பத்திரமாக இருக்கிறதா என்பதோடு, கடைசி வீட்டிலிருந்து வரும் பிள்ளை எந்த வழியாக நடந்து வருகிறது என்பதையும் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். இங்கே பல சிற்றூர்களுக்கு அந்த வழி ஒரு தரைப்பாலம்தான். செந்நிற வெள்ளம் பாலத்தின் ஓரக் கற்களை மூடிவிட்டால் பாலம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பது பெரியவர்களுக்கே தெரியாது. பிள்ளைகளோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இறங்கிவிடுகிறார்கள். முழங்கால் அளவுகூட வேண்டியதில்லை. வேகமாக ஓடும் நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே ஏறினாலே ஆளைத் தள்ளிவிடும்.

வானம் வெளுத்திருப்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணுவது இதோடு சேர்ந்த தவறு. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, பெங்களூரு பகுதியின் மழைநீரையும் சேர்த்துக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்கும் கிருஷ்ணகிரி அணைக்கும் வருகிறது. ஆகவே இங்கே ஒரு துளி விழாத நாளிலும் மதகுகள் திறக்கப்பட்டுக் காவேரிப்பட்டணம், இருமத்தூர் வரை ஆறு பெருகக்கூடும். ஒகேனக்கல் காவிரியும் அப்படித்தான். ஆற்றைக் கடந்து மாணவர்கள் வரும் பள்ளிகள், வானிலை அறிக்கையோடு அணை நீர் திறப்பு அறிவிப்பையும் பார்த்தாக வேண்டும்.

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று நிம்மதி அடைவதும் ஆபத்தானது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்த பிறகுதான், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், கடலுக்கு வெகு தொலைவில் உள்ள ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் உருட்டிச் சென்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளம் ஒரு பள்ளி நாளின் மாலையில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தாவது, கடலோர மாவட்டங்களுக்கான எச்சரிக்கை நமக்கில்லை என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

எண்களைப் படிப்பதிலும் குழப்பம் உண்டு. நாள் மழையளவு காலை 8.30 மணிக்குக் கணக்கிடப்படுவதால், செய்தியில் வரும் அளவு நேற்றைய மழையைச் சொல்லுமே தவிர இன்றைய நிலையைச் சொல்லாது. முன்னறிவிப்பில் கனமழை என்றால் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை என்றால் 12 முதல் 20, அதி கனமழை என்றால் 21 அல்லது அதற்கு மேல் என்று பொருள்.

என் பார்வையில், விடுமுறை விடாமல் இருப்பதைவிடவும் கொடிய தவறு ஒன்று உண்டு. பிற்பகலில் வானம் கறுத்ததும் பயந்துபோய்ப் பிள்ளைகளை அவசரமாக வீட்டுக்கு அனுப்புவதே அது. கோடையிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் இப்பகுதியில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் பிடிக்கிறது. மூன்று மணிக்கு வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை மூன்றரை மணிக்குத் திறந்த வயல்வெளியிலோ, மழைக்கு ஒதுங்கிய புளியமரத்தடியிலோ நின்றுகொண்டிருக்கும். மின்னல் நேரத்தில் ஒற்றை மரத்தடியைப் போல் மோசமான இடம் வேறில்லை. வீட்டில் யாரும் இல்லாத பிள்ளையின் நிலை இன்னும் மோசம். இடி முழங்கத் தொடங்கிவிட்டால் பிள்ளைகளை வகுப்பறைக்குள்ளேயே வைத்திருந்து, கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடங்கள் கழிந்த பிறகே அனுப்ப வேண்டும். தாமதமாகும் என்று பெற்றோருக்குத் தகவல் தர வேண்டும். மலைக்குச் செல்லும் பேருந்து ஓடுகிறதா என்று பணிமனையிலும் கேட்டுக்கொள்ள வேண்டும். அழைத்துச் செல்ல ஆள் வராத பிள்ளையோடு ஓர் ஆசிரியராவது இருந்தே ஆக வேண்டும்.

விடுமுறையைக் காலை எட்டு மணிக்கு அறிவிப்பது பலரைத் தவிக்க வைக்கிறது. அதற்குள் மலைக்கிராமத்துப் பிள்ளை பாதி வழி நடந்திருக்கும், காலை உணவுத் திட்டத்துச் சமையலறையில் உப்புமா கிண்டி முடித்திருப்பார்கள், ஓசூர்த் தொழிற்சாலைகளில் முதல் ஷிப்டுக்குப் போகும் தாய்மார்கள் கம்பெனிப் பேருந்தில் ஏறியிருப்பார்கள். முந்தைய நாள் இரவே முடிவு சொல்வதுதான் முறை. அது இயலாதபோது விடியற்காலை ஆறு மணிக்குள்ளாவது சொல்லிவிட வேண்டும். பெற்றோரும் வாட்ஸ்அப்பில் வரும் பழைய அறிவிப்புப் படத்தை நம்பாமல், தேதியைச் சரிபார்த்து, மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பையோ தலைமையாசிரியரின் சொல்லையோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே விடுமுறை என்பதும் எப்போதும் பொருந்தாது. அரூர் வட்டத்து மலைப்பள்ளிகளுக்குத் தேவையான விடுமுறை பாலக்கோட்டுக்குத் தேவைப்படாமல் போகலாம். வீணாகும் ஒவ்வொரு பள்ளி நாளும் சத்துணவை நம்பியிருக்கும் பிள்ளையின் வயிற்றையும் சேர்த்தே பாதிக்கிறது.

விடுமுறை விட்டாலே பிள்ளை பத்திரமாகிவிடும் என்ற நினைப்பை நான் கடுமையாக மறுக்கிறேன். ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிகிறது என்ற செய்தி ஊரில் பரவினால் முதலில் ஓடிப்போய் நிற்பவர்கள் பிள்ளைகள்தாம். நிரம்பிய கிணறு, மண் அள்ளிய குழி, பாறைக் குட்டை என்று பிள்ளைகளை இழுக்கும் இடங்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆகவே விடுமுறைச் செய்தியை அனுப்பும்போதே, நீர்நிலைப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள் என்ற ஒரு வரியையும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

மழை விட்ட மறுநாள் மணியடித்துப் பள்ளியைத் திறந்துவிடுவது கடைசித் தவறு. ஊறிய சுற்றுச்சுவர் வெயில் வந்த பிறகும் சாயலாம். தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே சென்று, சுவர்களையும் கூரையையும் சுற்றிப் பார்த்து, ஈரம் பாய்ந்த சுவிட்சுகள் இருக்கும் அறைகளைப் பூட்டி, கழிப்பறையிலும் விறகுக் குவியலிலும் பாம்பு இல்லை என்று உறுதி செய்து, குடிநீர்த் தொட்டியைக் கழுவிக் குளோரின் இட வேண்டும். இந்த வேலைகள் முடியாத பள்ளிக்கு மட்டும் இன்னொரு நாள் விடுமுறை கேட்கத் தலைமையாசிரியர் தயங்கக் கூடாது.