சிஸ்லாக் ஃபங்ஷனை அழைக்கும்போது எங்கெங்கே தவறு நேர்கிறது?

சி நிரலிலிருந்து சிஸ்டம் லாகுக்கு (கணினியின் நிகழ்வுப் பதிவேட்டுக்கு) ஒரு வரி எழுத சிஸ்லாக் என்ற ஃபங்ஷன் ஒன்றே போதும். 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கிய ஏற்பாடு இது. இந்த ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராது. மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று நிரலுக்குத் தெரிய வழியில்லை. அதனால் தவறாக எழுதினாலும் நிரல் பாட்டுக்கு ஓடும். லாகைத் தேடும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

மிக ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயனர் பெயரோ கோப்புப் பெயரோ, வெளியிலிருந்து வந்த எந்த ஸ்ட்ரிங்கையும் இரண்டாவது ஆர்க்யுமென்டாக நேரடியாகக் கொடுக்காதீர்கள். பிரிண்ட்எஃப் போலவே அந்த இடம் ஃபார்மட் ஸ்ட்ரிங்குக்கு உரியது. வந்த ஸ்ட்ரிங்கில் சதவீதக் குறியை அடுத்து 'எக்ஸ்' இருந்தால் ஸ்டாக்கில் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகத்தில்) உள்ளது லாகில் கொட்டும். 'என்' இருந்தால் நினைவகத்திலேயே எழுத வழி கிடைத்துவிடும். நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் லினக்ஸ் என்எஃப்எஸ் தொகுப்பின் ஸ்டாட்-டி என்ற பின்னணி நிரலில் 2000ஆம் ஆண்டு அகப்பட்டது இதே ஓட்டைதான். எங்கோ உட்கார்ந்திருப்பவர் அதன் வழியாக ரூட் என்ற முழு அதிகாரத்தைப் பிடிக்க முடிந்தது. 2001இல் பரவிய ராமென் என்ற, தானாகப் பரவும் வார்ம் நிரலும் இதைப் பயன்படுத்தியது. இரண்டாவது ஆர்க்யுமென்டில் சதவீதக் குறியும் 'எஸ்'ஸும் கொண்ட நிலையான ஸ்ட்ரிங்கை வைத்து, வந்த ஸ்ட்ரிங்கை மூன்றாவதாகக் கொடுத்தால் தீர்ந்தது. ஜிசிசி கம்பைலரில் ஃபார்மட்-செக்யூரிட்டி எச்சரிக்கையை இயக்கி, அதைப் பிழையாகவே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் சலுகையே வேண்டாம்.

அடுத்தது ஓப்பன்லாக், லாக் வரிகளில் வர வேண்டிய பெயரையும் விருப்பங்களையும் முன்கூட்டியே அமைக்கும் ஃபங்ஷன். அதற்குக் கொடுக்கும் பெயரை ஜிலிப்சி (லினக்ஸில் பரவலாக உள்ள சி நூலகம்) நகலெடுப்பதில்லை, பாயின்டரை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் லோக்கல் பஃபரில் பெயரைத் தயாரித்துக் கொடுத்தால், அந்த ஃபங்ஷன் முடிந்ததும் லாகில் பெயருக்குப் பதில் குப்பை வரலாம். ஸ்டாட்டிக் மாறியிலோ நேரடி ஸ்ட்ரிங்காகவோ வையுங்கள். சரி, ஓப்பன்லாக்கையே விட்டுவிடலாமா? விடலாம், நிரலின் பெயர் தானாக வரும். ஆனால் 2024 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஜிலிப்சி ஓட்டை சரியாக அந்தப் பாதையில்தான் இருந்தது: ஓப்பன்லாக் அழைக்கப்படாமல், நிரலின் பெயர் 1024 பைட்டைத் தாண்டினால் ஹீப் (நிரல் ஓடும்போது ஒதுக்கும் நினைவகம்) உடைந்தது. பெயரை நாமே கொடுப்பது நல்லது.

மெசேஜின் தீவிர அளவு 0 முதல் 7 வரை. 'முக்கியம்' என்று நினைத்து எமெர்ஜ் (0, மிகத் தீவிரமானது) போடுவதைப் பார்க்கிறேன். பல கணினிகளில் அது லாகின் செய்திருக்கும் எல்லோருடைய திரையிலும் வந்து விழும். கணினியே பயன்படாத நிலைக்கு மட்டும் அதை வையுங்கள். டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்றால் எர் (பிழை) என்ற அளவே போதும். லாகின் தொடர்பானவற்றை ஆத்பிரிவ் என்ற, பாதுகாப்புச் செய்திகளுக்கான பிரிவில் அனுப்புங்கள், பாஸ்வேர்டை மட்டும் எந்தப் பிரிவிலும் எழுதாதீர்கள்.

சிஸ்லாக் பொதுவாக முதல் மெசேஜின்போதுதான் டெவ் அடைவிலுள்ள லாக் சாக்கெட்டோடு (லாக் சேவைக்குச் செய்தி போகும் வாயில்) இணைகிறது. அதற்குள் நிரல் சிஹெச்ரூட் செய்துவிட்டால் (தன்னை ஒரே அடைவுக்குள் அடைத்துக்கொண்டால்) அந்த சாக்கெட் கண்ணுக்கே தெரியாது, மெசேஜ் எல்லாம் காற்றில் போகும். சிஹெச்ரூட்டுக்கு முன்பே என்டிலே (உடனே இணை) விருப்பத்தோடு ஓப்பன்லாக்கை அழைத்துவிடுங்கள்.

அப்புறம், சிக்னல் ஹேண்ட்லருக்குள் (நிரலை இடைமறித்து வரும் சிக்னலைக் கையாளும் ஃபங்ஷனுக்குள்) சிஸ்லாக் கூடவே கூடாது. உள்ளே பூட்டுப் போட்டு வேலை செய்யும் ஃபங்ஷன் அது. பூட்டிய நேரத்தில் சிக்னல் வந்தால் நிரல் அங்கேயே உறைந்துவிடும். ஹேண்ட்லரில் ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு, லாக் எழுதும் வேலையை மெயின் லூப்பில் செய்யுங்கள்.