ராஜபாளையமா, சிப்பிப்பாறையா: வீட்டுக்கு ஏற்ற நாட்டு நாயைத் தேர்ந்தெடுக்கும் முறை

நாட்டு நாய் வளர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் பலர், அடுத்த கேள்வியை நிறத்தை வைத்தே தீர்த்துவிடுகிறார்கள். பால்வெள்ளை பிடித்திருந்தால் ராஜபாளையம், சந்தன நிறம் பிடித்திருந்தால் சிப்பிப்பாறை. இரண்டும் இன்றைய விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயரைத் தாங்கியவை. இரண்டும் 2020இல் கர்நாடகத்து முதோல் நாயுடன் சேர்த்து, கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனத்தில் தனி இனங்களாகப் பதிவு பெற்றவை. ஆனால் குணத்தில் அவற்றுக்கிடையே உள்ள தூரம், வரைபடத்தில் அவ்விரு ஊர்களுக்கிடையே உள்ள தூரத்தைவிடப் பெரியது. ஆகவே நாயைப் பார்க்கப் புறப்படுவதற்கு முன், வாசற்கதவு, சுற்றுச்சுவர், வந்துபோகும் ஆட்கள், காலை ஐந்தரை மணிக்கு யார் எழுந்திருப்பார் என்பது வரை, உங்கள் வீட்டை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம் எலும்பும் தசையும் கனத்த பெரிய நாய். நன்கு வளர்ந்த கடுவன் தோள்வரை ஏறத்தாழ இரண்டேகால் அடி உயரம் இருக்கும். வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, மடிந்து தொங்கும் காது, சற்றே மேல்நோக்கி வளைந்த வால் ஆகியவை அதன் அடையாளங்கள். இந்திய அஞ்சல் துறை 2005இல் நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது இதுதான். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட பரம்பரை என்பதால், வீட்டாரிடம் குழைந்து நிற்கும் அதே நாய் அந்நியரை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. தனி வீடும் தோட்டமும் உள்ளவர்களுக்கு இது பெரிய பலம். தினமும் பால்காரர், கூரியர்காரர், வீட்டு வேலைக்கு வருபவர், டியூஷன் பிள்ளைகள் என்று பத்துப் பேர் வந்துபோகும் வீட்டிலோ அதே குணம் ஓயாத தலைவலியாகும். நாயைக் கட்டியே வைத்துவிடலாம் என்று சிலர் இதற்குத் தீர்வு சொல்வார்கள். நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் ராஜபாளையம் மேலும் சினம் கொண்டதாகவே மாறும். அந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன்.

சிப்பிப்பாறை ஓட்டத்திற்கென்றே செதுக்கியதுபோன்ற உடல் கொண்டது. ஒடுங்கிய நீள முகம், ஆழ்ந்த மார்பு, உள்ளொட்டிய வயிறு, மெல்லிய கால்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, "நாய்க்குச் சோறே போடுவதில்லையா?" என்று கேட்பவர்கள் நிச்சயம் வருவார்கள். அவர்களுக்காக நாயைக் கொழுக்கவைக்க வேண்டாம். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் இலேசாகத் தெரிவது இந்த இனத்திற்கு இயல்பு. முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் பரம்பரை இது என்பதால், வீட்டுக்குள் பெரும்பாலும் அமைதியாகச் சுருண்டு படுத்திருக்கும், தேவையின்றிக் குரைப்பதும் குறைவு. ஆனால் தெருவில் ஒரு பூனையோ ஆட்டுக்குட்டியோ ஓடிவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிடும் உங்கள் குரல் அதன் காதில் விழாது. எங்கள் வீட்டில் வளர்ந்த சிப்பிப்பாறை ஒருமுறை கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஒரு வெள்ளாட்டின் பின்னால் போனது. ஆட்டுக்காரரிடம் சமாதானம் பேச எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. இவ்வகை நாய்களுக்குத் தலை ஒடுங்கியும் கழுத்து பருத்தும் இருப்பதால், பின்னோக்கி இழுத்தால் சாதாரணப் பட்டை கழன்றுவிடும். அகலமான, இழுத்தால் இறுகும் பட்டையோ, மார்பைச் சுற்றிக் கட்டும் வாரோ வாங்குவதே பாதுகாப்பு.

வீட்டில் கோழி, முயல், பூனை இருந்தால் இரண்டு இனங்களுமே கவலை தரும், சிப்பிப்பாறை சற்றுக் கூடுதலாக. குட்டியிலிருந்தே பழக்கினால் உங்கள் வீட்டுப் பூனையை விட்டுவைக்கலாம். பக்கத்து வீட்டுப் பூனைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சுற்றுச்சுவர் ஆறடிக்குக் குறைவாக இருந்தால் இரண்டையுமே தோட்டத்தில் தனியே அவிழ்த்துவிடக் கூடாது.

அடுக்குமாடி வீட்டில் இவற்றை வளர்க்கலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. நாள்தோறும் காலையும் மாலையும் முக்கால் மணி நேரமாவது நடத்திச் செல்லவும், வாரத்தில் சில முறை வேலியிட்ட வெளியில் ஓடவிடவும் முடிந்தால் சிப்பிப்பாறை பழகிக்கொள்ளும். மின்தூக்கியின் குறுகிய இடத்தில் அந்நியர்களோடு நிற்கவேண்டிய வாழ்க்கைக்கு ராஜபாளையத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். இதுவரை நாயே வளர்த்திராதவர்களுக்கும், நடை தளர்ந்த முதியவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கும் அப்படியே. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் எந்த நாயானாலும் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக் கூடாது என்று முதலில் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி தர வேண்டும்.

தட்பவெப்பத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் குட்டையான மயிர்தான். நம் ஊர் வெயிலை வெளிநாட்டுச் சடைநாய்களைவிட நன்றாகத் தாங்கும். எனினும் ராஜபாளையத்தின் வெளிறிய தோலும் மூக்கும் உச்சிவெயிலில் புண்படக்கூடும். நிழலான இடம் கட்டாயம் வேண்டும். உண்ணி இரண்டையும் பிடிக்கும். மயிர் குட்டையாக இருப்பதால் கண்டுபிடிப்பது மட்டும் எளிது. காது மடல், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களை வாரம் இருமுறை தடவிப் பாருங்கள். சிப்பிப்பாறை போன்ற கொழுப்புக் குறைந்த உடலில் சில மயக்க மருந்துகளின் வேகம் நீடிக்கக்கூடும் என்பதால், அறுவைச் சிகிச்சை எதற்குச் சென்றாலும் இது வேட்டைநாய் இனம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இனி வாங்கும் இடம். வெள்ளையாகப் பிறந்ததெல்லாம் ராஜபாளையம் என்றும், ஒல்லியாகப் பிறந்ததெல்லாம் சிப்பிப்பாறை என்றும் விற்கப்படும் சந்தை இது. கருப்பு உடலில் முகத்திலும் காலிலும் பழுப்பு படர்ந்த குட்டியைக் காட்டிச் சிப்பிப்பாறை என்றால், அது நெருங்கிய உறவான கன்னி என்ற இனம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவும் நல்ல நாய்தான், ஆனால் பெயர் சரியாக இருக்க வேண்டும். தாய் நாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி வாங்காதீர்கள். காட்டினால், அது உங்களைக் கண்டு நடுங்குகிறதா, பாய்கிறதா, சற்று நேரத்தில் அமைதியாகிறதா என்று கவனியுங்கள். குட்டியின் குணத்தைத் தாயிடமே பாதி பார்த்துவிடலாம். பிறந்து எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. பால் மறக்காத குட்டியை "இப்போதே எடுத்தால்தான் ஒட்டும்" என்று கையில் திணிப்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

ராஜபாளையம் குட்டி வாங்கும்போது ஒரு சோதனையை மட்டும் தவிர்க்கவே கூடாது. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது நாய்களில் அறியப்பட்ட குறை. நீலக்கண் குட்டிகளில் அந்த ஐயம் இன்னும் அதிகம். எல்லாக் குட்டிகளும் ஒன்றாக இருக்கும்போது சோதித்தால், செவிட்டுக் குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும். ஆகவே விரும்பிய குட்டியைத் தனியே எடுத்துச் சென்று, அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டினால் காற்றசைவே அதைத் திரும்பவைத்துவிடும். தரையில் காலை உதைத்தால் அதிர்வு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியும் இச்சோதனையில் தேறிவிடக்கூடும். ஆகவே இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி நின்று, சற்று இடைவெளி விட்டு மும்முறை செய்து பாருங்கள். ஒலி வந்த திசையைத் தடுமாறாமல் கண்டுகொள்ளும் குட்டியையே எடுங்கள்.