வலிப்புக்குக் கீட்டோ உணவு: வீட்டில் எங்கே சறுக்குகிறது

இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்காத குழந்தைகளுக்கு டாக்டர்கள் கீட்டோஜெனிக் உணவை, அதாவது கொழுப்பு மிக அதிகமாகவும் மாவுச்சத்து மிகக் குறைவாகவும் உள்ள உணவைச் சொல்வதுண்டு. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் பெயர் வைத்த பழைய முறை இது. எடை குறைக்க யூடியூபில் காட்டும் கீட்டோ வேறு, இது வேறு. வீடியோ பார்த்துத் தாமாகவே தொடங்குவதுதான் பெரிய தவறு. கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறைபாடு சில குழந்தைகளுக்கு உண்டு. அவர்களுக்கு இந்த உணவு உயிருக்கே ஆபத்து. அதனால் ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகே தொடங்க வேண்டும்.

கணக்கு எவ்வளவு இறுக்கம் என்று பாருங்கள். 1,000 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு 4:1 விகிதம் (நான்கு பங்கு கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்த்து ஒரு பங்கு) என்றால், நாள் முழுக்கக் கொழுப்பு 100 கிராம். புரதமும் மாவுச்சத்தும் சேர்த்தே 25 கிராம். புரதத்துக்கு 15 போனால் மாவுச்சத்துக்கு மிஞ்சுவது 10. ஒரு இட்லியே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். 'ஒரு வாய்தானே' என்று பாட்டி ஊட்டும் சர்க்கரைப் பொங்கலைக் கேட்கவே வேண்டாம். கரண்டி அளவும் உதவாது. டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள்.

பலர் கவனிக்காதது தட்டில் ஒட்டும் நெய். ஒரு வேளைக்குக் கொழுப்பு 32 கிராம், மற்றவை 8 கிராம் என்று வையுங்கள். 6 கிராம் நெய் தட்டிலேயே தங்கினால் விகிதம் 3.25-க்கு இறங்கிவிடும். முட்டையிலோ பனீரிலோ நெய்யைப் பிசைந்து, இளஞ்சூட்டில் கொடுங்கள். மிச்சத்தை ரப்பர் கரண்டியால் வழித்து ஊட்டுங்கள்.

அடுத்தது சிரப். காய்ச்சல் மருந்து, இருமல் மருந்து, சில வலிப்பு மருந்துகள்கூட இனிப்பாகத்தான் வரும். 'சர்க்கரை இல்லாதது' என்று லேபிளில் இருந்தாலும் சார்பிட்டால் இருக்கலாம்; அந்த இனிப்பும் மாவுச்சத்துக் கணக்கில் சேரும். மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாந்தி, பேதி என்று அட்மிட் ஆனால் வழக்கம்போல் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) டிரிப் ஏற்றிவிடுவார்கள், கொழுப்பு எரிவதால் உடலில் உருவாகும் கீட்டோன் சரிந்துவிடும். 'கீட்டோ உணவில் இருக்கிறான். ரத்தச் சர்க்கரை குறைந்தாலொழிய டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம்' என்று எழுதிய சீட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

தண்ணீரைக் குறைக்கக் கூடாது. சிறுநீரகக் கல் வரலாம், டோபிரமேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடும் குழந்தைக்குக் கூடுதல் கவனம் தேவை. கால்சியம், வைட்டமின் மாத்திரைகளை விடக் கூடாது. உணவில் மட்டும் அவை போதிய அளவு கிடைக்காது.

இரண்டு வாரத்தில் பலனில்லை என்று கைவிடுபவர்களும் உண்டு. குறைந்தது மூன்று மாதம் பார்க்க வேண்டும். வலிப்பு நின்றதும் மருந்தைத் தாமாக நிறுத்துவது அதைவிட மோசம். பலன் கிடைத்தால் வழக்கமாக இரண்டு ஆண்டு தொடர்வார்கள். பிறகு விகிதத்தை 3:1, 2:1 என்று டாக்டரே மெல்ல இறக்குவார். ஒரே நாளில் சோற்றுக்குத் திரும்பினால் வலிப்பு கொத்தாக வரக்கூடும்.