காயன்கேணிக் கடலில் சுற்றுலாவை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவுக்கு வடக்கே, வாகரைப் பக்கமாக உள்ள காயன்கேணிக் கடற்பரப்பு 2019 ஏப்ரலில் கடற் சரணாலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அறிவித்தல் வந்தவுடன் பாதுகாப்பும் வந்துவிட்டதாக எண்ணுவதே முதல் தவறு. கரையில் நடப்படும் பெயர்ப்பலகை கரையில் நிற்பவரை எச்சரிக்கலாம். படகிலிருந்து இறங்கிக் கடலடியில் காலூன்றுபவரை அது எட்டுவதில்லை.

கால் என்றதும் பாசிக்குடாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடந்து போகலாம்; அந்தப் பழக்கத்துடனேயே காயன்கேணிக்கு வருபவர், களைத்ததும் காலடியில் தட்டுப்படும், உயிருள்ள முருகைக் கற்பாறையின் (பவளப்பாறையின்) மீது ஏறி நின்று இளைப்பாறுகிறார். திரண்ட வகை முருகைக்கல் ஓர் ஆண்டில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும் என்பதால், ஒரு நிமிட இளைப்பாறலில் நொறுங்குவது பல ஆண்டுகளின் வளர்ச்சியாகிவிடுகிறது. நீந்தத் தெரியாதவருக்கு மிதவை அங்கி கொடுக்காமல் கடலில் இறக்குவதை ஆபத்தான செயல் என்று மட்டுமே பலர் பார்க்கின்றனர். பாறைக்கும் அது கேடு என்பதைப் படகோட்டிகளுக்கான பயிற்சியில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காலைவிடக் கொடியது நங்கூரம். ஒவ்வொரு படகும் தனக்குப் பிடித்த இடத்தில் நங்கூரம் போட்டால், அது விழும் இடம் மட்டுமன்றி, காற்றுத் திசை மாறும்போது அதன் கயிறும் சங்கிலியும் உரசிச் செல்லும் வட்டம் முழுவதும் சிதைகிறது. மணற்பாங்கான அடித்தளத்தில் நிலையான மிதவைகளைப் பொருத்திப் படகுகளை அவற்றில் கட்டச் செய்வதே தீர்வு. ஆனால் மிதவையைப் பொருத்தி, படம் எடுத்து, அத்துடன் மறந்துவிடுவதும் தவறே. வாடைக்காலத்துக் கடல் எந்தக் கயிற்றையும் அப்படியே விட்டுவைப்பதில்லை; ஆகவே ஆண்டுதோறும் பருவம் திறக்குமுன் அவற்றைச் சோதித்து மாற்றுவதற்கான பணத்தைத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எல்லை வகுத்துவிட்டு நிம்மதி அடைவது இன்னொரு தவறு. கடல் அமைதியாக இருக்கும் காலை வேளையிலேயே எல்லோரும் ஒரே பாறையைத் தேடி வந்தால், நாள் கணக்கு சரியாக இருந்தும் அந்தப் பாறைக்கு நெரிசல் குறைவதில்லை. 2003 இல் தேசியப் பூங்காவான திருகோணமலையின் புறாத்தீவில் அனுமதிச்சீட்டு உண்டு; இருந்தும் முருகைக் கற்கள் மிதிபடுவது பற்றிய முறைப்பாடுகள் அங்கே ஓயவில்லை. எண்ணிக்கையை இடத்துக்கும் நேரத்துக்கும் பிரித்து வகுக்க வேண்டும். மீன்களுக்குப் பாண் போடுவதையோ விளக்கமின்றியே தடுத்துவிடலாம்.

சரணாலயத்தை, கட்டுப்பாடு கூடிய தேசியப் பூங்கா போலக் கருதி, கரைவலை இழுப்பவரையும் சிறுதோணிக்காரரையும் இடைஞ்சலாக நடத்துவது, என் பார்வையில், எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. சித்திரை முதல் புரட்டாதி வரையான அமைதிக் காலமே பயணிகளுக்கும் மீனவர்க்கும் பொதுவான பருவமாகையால், எந்த நீர்ப்பகுதியில் எந்த நேரத்தில் யார் என்பதை அவர்களுடன் அமர்ந்து பேசாமல் அலுவலகத்தில் வரைபடம் கீறினால், அது முதல் வாரத்திலேயே மீறப்படும்.

அந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே, சித்திரை, வைகாசியில், கடல்நீர் மிகவும் வெப்பமடைகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே முருகைக்கல் வெளிறத் தொடங்கும். 1998 இல் இலங்கைக் கடல் அதைக் கண்டது. வெளிறிய கல் இறந்த கல் அல்ல, வெப்பம் தணிந்தால் மீளக்கூடியது. அந்நேரத்தில் அதன்மேல் ஆட்களை இறக்குவது, காய்ச்சலில் கிடப்பவரை வேலைக்கு எழுப்புவதற்கு ஒப்பாகும். வெளிறலை முதலில் காண்பவர் பெரும்பாலும் அன்றாடம் அங்கே செல்லும் படகோட்டியாகவே இருப்பார். அவர் யாரிடம் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு அப்பகுதியைச் சில வாரங்கள் மூடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பவை பங்குனி மாதத்துக்குள் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.