அன்சிபிள் பச்சை காட்டினால் சர்வீஸ் ஓடுகிறது என்று அர்த்தமில்லை

பத்து சர்வர்களில் ஒரே சர்வீஸை நிறுவி, ஓடவிட்டு, மெஷின் ரீபூட் ஆனாலும் தானாக எழுந்துகொள்ளும்படி வைக்க, பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அன்சிபிள் என்ற கருவி போதும். சர்வரில் தனியாக ஏஜென்ட் எதுவும் போட வேண்டாம், எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் வேலை நடக்கும். ஆனால் இதைச் சொல்லித்தரும் பல வழிகாட்டிகள் "ஸ்டேட் ஸ்டார்ட்டட், எனேபிள்ட் ட்ரூ" (இப்போது ஓடட்டும், பூட் ஆகும்போதும் எழட்டும்) என்ற இரண்டு வரியோடு முடிந்துவிடுகின்றன. சிக்கல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒரு சர்வீஸின் அமைப்பு (கான்ஃபிகரேஷன்) மூன்று இடங்களில் இருக்கிறது: டிஸ்கில் இருக்கும் ஃபைல், லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி தன் மெமரியில் ஏற்றி வைத்திருக்கும் நகல், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் தான் தொடங்கியபோது படித்துக்கொண்டது. மூன்றும் ஒன்றுக்கொன்று மாறுபட்டு இருக்கலாம். அன்சிபிள் டிஸ்கில் இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்கும், சர்வீஸ் ஓடுகிறதா என்று கேட்கும், அவ்வளவுதான். ஓடுவது புதிய அமைப்பிலா பழைய அமைப்பிலா என்று அதற்குத் தெரியாது. அந்த மூன்றையும் ஒரே நிலையில் வைப்பது பிளேபுக் (அன்சிபிளுக்கான வேலைப் பட்டியல்) எழுதும் நம் பொறுப்பு.

உதாரணத்துக்கு நோட் எக்ஸ்போர்ட்டரை எடுத்துக்கொள்வோம். ப்ரொமீதியஸ் கண்காணிப்புக்காக ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் சின்ன நிரல், ஒரே பைனரி, வழக்கமாக 9100 போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். கட்டளைகளையும் பாதைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

யூனிட் ஃபைல்

ஒரு சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதுதான் யூனிட் ஃபைல். நாம் எழுதும் யூனிட் ஃபைலின் இடம் /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம். பேக்கேஜோடு வரும் யூனிட் ஃபைல்கள் /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் கீழே இருக்கும், அவற்றில் கை வைக்கவே வேண்டாம், அடுத்த அப்கிரேடில் நீங்கள் செய்த மாற்றம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். பேக்கேஜ் சர்வீஸில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் கீழே, உதாரணமாக என்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்கு, என்ஜின்எக்ஸ் டாட் சர்வீஸ் டாட் டி என்று ஒரு கோப்புறை உருவாக்கி, அதில் ஓவர்ரைட் டாட் கான்ஃப் என்ற ஃபைலில் மாற வேண்டிய வரிகளை மட்டும் போடுங்கள். அதில் எக்ஸெக்ஸ்டார்ட்டை, அதாவது சர்வீஸைத் தொடங்கும் கட்டளையை, மாற்றுவதாக இருந்தால் முதலில் அதைக் காலியாக விட்டு ஒரு வரி, அதன் கீழே புதிய கட்டளையோடு இன்னொரு வரி. காலி வரி இல்லாவிட்டால் இரண்டு எக்ஸெக்ஸ்டார்ட் இருப்பதாகச் சொல்லி சிஸ்டம்டி மறுத்துவிடும்.

நோட் எக்ஸ்போர்ட்டருக்கு முழு ஃபைலையும் நாமே எழுதுகிறோம், அன்சிபிளின் டெம்ப்ளேட் மாட்யூலால் (மாட்யூல் என்றால் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் துண்டு நிரல்) அனுப்புகிறோம். ரூட்டாக ஓடவிடாதீர்கள், யூசர் மாட்யூலில் லாகின் ஷெல் இல்லாத ஒரு சிஸ்டம் யூசரை உருவாக்கி, யூனிட் ஃபைலில் அந்தப் பெயரைக் கொடுங்கள்.

ரீஸ்டார்ட் என்ற வரியில் ஆன்-ஃபெயிலியர் என்று போடுவது எல்லோருக்கும் தெரியும். அதோடு ரீஸ்டார்ட்செக் 5 என்றும் போடுங்கள், இது பலர் விட்டுவிடும் இடம். எதுவும் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லிசெகண்ட் இடைவெளியில் மறுபடி தொடங்கிப் பார்க்கும், 10 செகண்டுக்குள் 5 முறை தொடங்கியும் நிலைத்து ஓடவில்லை என்றால் கைவிட்டுவிடும். அதாவது டேட்டாபேஸ் அரை நிமிடம் தாமதமாக எழுந்தால்கூட, அதற்குள் உங்கள் ஆப் ஐந்து முறை விழுந்து எழுந்து, கடைசியில் ஃபெயில்ட் நிலையில் படுத்துவிடும், யாராவது வந்து எழுப்பும் வரை அப்படியே கிடக்கும். 5 செகண்ட் இடைவெளி கொடுத்தால் அந்த வரம்பை எட்டவே முடியாது, டேட்டாபேஸ் வரும் வரை முயன்றுகொண்டே இருக்கும்.

டாஸ்க்கில் என்ன, ஹேண்ட்லரில் என்ன

பிளேபுக்கின் ஒவ்வொரு படியும் ஒரு டாஸ்க், ஏதோ மாறியது என்று ஒரு டாஸ்க் தகவல் சொன்னால் மட்டும் ஓடுவது ஹேண்ட்லர். அன்சிபிளில் சர்வீஸ் என்ற பொது மாட்யூல் உண்டு, சிஸ்டம்டி சர்வீஸ் என்ற தனி மாட்யூலும் உண்டு. யூனிட் ஃபைல்களை சிஸ்டம்டியை மறுபடி படிக்கவைக்கும் டீமன் ரீலோட் வசதி இரண்டாவதில்தான் இருக்கிறது, அதனால் சிஸ்டம்டி இருக்கும் மெஷின்களுக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் 2015-லேயே, 8-ஆம் பதிப்பில் சிஸ்டம்டிக்கு மாறிவிட்டது, ரெட் ஹேட் அதற்கு முந்தைய ஆண்டே மாறியது, எனவே இன்று நீங்கள் தொடும் சர்வர்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

சாதாரண டாஸ்க்கில் ஸ்டேட் எப்போதும் ஸ்டார்ட்டட்தான். ரீஸ்டார்ட்டட் என்று போட்டால் எதுவும் மாறாத நாளிலும், பிளேபுக்கை ஓட்டும் ஒவ்வொரு முறையும் சர்வீஸை நிறுத்தித் தொடங்கும். ரீஸ்டார்ட்டட் இருக்க வேண்டிய ஒரே இடம் ஹேண்ட்லர். எனேபிள்ட் என்பது தனி விஷயம், இப்போது ஓடுகிறதா என்பதற்கும் பூட் ஆகும்போது எழுமா என்பதற்கும் சம்பந்தமில்லை. இதை மறந்தால் அன்றைக்குத் தெரியாது. கெர்னல் அப்டேட்டுக்காக ஒரு நாள் ராத்திரி ரீபூட் செய்யும்போதுதான் தெரியும்.

டீமன் ரீலோட் ட்ரூ என்பதை ஹேண்ட்லரிலும் போடுங்கள், ஸ்டார்ட்டட் டாஸ்க்கிலும் போடுங்கள். சர்வீஸ் நின்றுபோயிருக்கும் மெஷினில் யூனிட் ஃபைல் மாறியிருந்தால், ஹேண்ட்லர் வருவதற்கு முன்பே ஸ்டார்ட்டட் டாஸ்க் பழைய நகலை வைத்துத் தொடங்கிவிடும். டீமன் ரீலோட் ஓடும் ப்ராசஸைத் தொடாது, யூனிட் ஃபைல்களை மறுபடி படிக்கும், அவ்வளவுதான், தயங்க வேண்டாம்.

என்ஜின்எக்ஸ் மாதிரி சர்வீஸ்களுக்கு ரீலோட் ஒன்று, ரீஸ்டார்ட் ஒன்று என இரண்டு ஹேண்ட்லர் வைப்பது என் வழக்கம். சைட் அமைப்பு மாறினால் ரீலோட் போதும், திறந்திருக்கும் இணைப்புகளை பழைய வொர்க்கர்கள் முடித்துவிட்டுத்தான் போகும். ஆனால் யூனிட் ஃபைலிலோ ஓவர்ரைடிலோ உள்ள வரி, உதாரணமாக ஃபைல் திறக்கும் வரம்பு, மாறினால் ரீலோட் எதற்கும் உதவாது. ப்ராசஸ் புதிதாகப் பிறந்தால்தான் அது ஏறும்.

ஹேண்ட்லர் விழுங்கப்படும் கதை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

ஹேண்ட்லர் உடனே ஓடாது, பிளே (பிளேபுக்கில் ஒரு சர்வர் குழுவுக்கான டாஸ்க் தொகுப்பு) முடியும்போதுதான் ஓடும். இப்போது இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெம்ப்ளேட் டாஸ்க் அமைப்பு ஃபைலை மாற்றுகிறது, மஞ்சளில் சேஞ்ச்ட் என்று வருகிறது, ஹேண்ட்லருக்குத் தகவல் போகிறது. அதற்கு நாலு டாஸ்க் தள்ளி ஒரு பேக்கேஜ் டவுன்லோட் நெட்வொர்க் கோளாறால் சிவப்பாகிறது. அந்த சர்வரில் பிளே அங்கேயே நின்றுவிடுகிறது, ஹேண்ட்லர் ஓடவில்லை. நெட்வொர்க் சரியானதும் பிளேபுக்கை மறுபடி ஓட்டுகிறீர்கள். இந்த முறை டெம்ப்ளேட் டாஸ்க் டிஸ்கைப் பார்க்கிறது, ஃபைல் ஏற்கெனவே புதியதாக இருக்கிறது, பச்சையில் ஓகே. மாற்றம் இல்லாததால் ஹேண்ட்லருக்குத் தகவலும் இல்லை. ஸ்டார்ட்டட் டாஸ்க், சர்வீஸ் ஓடுகிறது என்று ஓகே சொல்கிறது. கடைசி வரி வரை பச்சை. ஆனால் ஓடிக்கொண்டிருப்பது பழைய அமைப்பு, இனி எத்தனை முறை ஓட்டினாலும் இதே பச்சைதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பிளேயில் ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ் ட்ரூ என்று போடுவது. டாஸ்க் தோற்றாலும் தகவல் போன ஹேண்ட்லர்கள் ஓடும். ஆனால் சர்வரோடு தொடர்பே அறுந்துபோனால் இது கைகொடுக்காது. இன்னொன்று, அமைப்பு ஃபைல்களை அனுப்பும் டாஸ்க்குகள் முடிந்த கையோடு மெட்டா டாஸ்க்கில் ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ் என்று போட்டு அங்கேயே ஓடவைத்துவிடுவது. நான் இரண்டையும் போடுகிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ஏற்கெனவே இப்படி மாட்டியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், சிஸ்டம்சிடிஎல் ஷோ கட்டளையில் ஆக்டிவ்என்டர்டைம்ஸ்டாம்ப் என்ற பண்பைக் கேளுங்கள், சர்வீஸ் எப்போது தொடங்கியது என்று வரும். அமைப்பு ஃபைல் அதற்குப் பிறகு மாறியிருந்தால், அதன்பின் ரீலோடும் ஆகவில்லை என்றால், ஓடுவது பழசு. அதே கட்டளையில் நீட்டீமன்ரீலோட் என்று கேட்டால் எஸ் அல்லது நோ என்று பதில் வரும், சிஸ்டம்டியிடம் இருக்கும் நகல் பழையதா என்பதற்கு அதுவே விடை.

உடைந்த ஃபைலை உள்ளே விடாதீர்கள்

டெம்ப்ளேட் மாட்யூலில் வாலிடேட் என்று ஒரு வசதி இருக்கிறது. ஃபைலை உரிய இடத்தில் வைக்கும் முன் நீங்கள் கொடுக்கும் கட்டளையால் சோதித்துப் பார்க்கும், தோற்றால் பழைய ஃபைல் அப்படியே இருக்கும். எஸ்எஸ்எச்டி அமைப்புக்கு இது இல்லாமல் பிளேபுக் எழுதவே கூடாது, அதில் ஒரு எழுத்துப் பிழையோடு ரீஸ்டார்ட் ஆனால் உள்ளே நுழையும் வழியே போய்விடும். யாருக்கு ரூட் அனுமதி என்று சொல்லும் சூடோயர்ஸ் ஃபைலுக்கும் அப்படியே, விசூடோவின் சோதனை முறையைக் கொடுங்கள். என்ஜின்எக்ஸில் மட்டும் கவனம்: துண்டு துண்டான சைட் ஃபைல்களை இப்படித் தனியாகச் சோதிக்க முடியாது, ஏனென்றால் தனியாக அவை முழு அமைப்பு இல்லை. அங்கே ஹேண்ட்லரில் ரீலோடுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் ஹைஃபன் டி கட்டளையை ஓடவிடுங்கள்.

உண்மையாகவே ஓடுகிறதா

யூனிட் ஃபைலில் டைப் சிம்பிள் என்று இருந்தால், ப்ராசஸைக் கிளப்பிவிட்ட அடுத்த கணமே தொடங்கிவிட்டது என்று சிஸ்டம்டி சொல்லிவிடும். அன்சிபிளும் அதை நம்பி அடுத்த டாஸ்க்குக்குப் போய்விடும். இரண்டு செகண்டில் பாஸ்வேர்ட் தவறு என்றோ போர்ட்டை வேறொன்று பிடித்திருக்கிறது என்றோ ப்ராசஸ் செத்துப்போனாலும் பிளேபுக்கின் வெளியீட்டில் அதற்கு ஒரு தடயமும் இருக்காது. நிரல் தானே தயார் என்று தகவல் சொல்லக்கூடியதாக இருந்தால் டைப் நோட்டிஃபை போடுங்கள், அதைவிடச் சிறந்தது இல்லை. இல்லையென்றால் நாமே கேட்க வேண்டியதுதான். நோட் எக்ஸ்போர்ட்டருக்கு, யூஆர்ஐ மாட்யூலால் அதே சர்வரின் 9100 போர்ட்டில் மெட்ரிக்ஸ் பக்கத்தைக் கேட்டு 200 (சரி என்ற பதில்) வருகிறதா என்று பார்க்கிறோம், அன்டில், ரீட்ரைஸ், டிலே மூன்றையும் சேர்த்து மூன்று செகண்டுக்கு ஒரு முறை பத்துத் தடவை வரை. வெப் சர்வீஸ் இல்லையென்றால் வெயிட் ஃபார் மாட்யூலால் போர்ட் திறந்திருக்கிறதா என்றாவது பாருங்கள்.

இந்தச் சோதனை ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் வைத்தால் பழைய ப்ராசஸ் 200 கொடுத்துவிடும், நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள், அப்புறம் ரீஸ்டார்ட் ஆகும்.

சோதனை தோற்றால் எதனால் என்று தெரிய வேண்டும் அல்லவா? இந்த டாஸ்க்குகளை ஒரு பிளாக்கில் போட்டு, அது தோற்றால் ஓடும் ரெஸ்க்யூ பகுதியில் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் அந்த சர்வீஸின் கடைசி 50 வரிகளை எடுத்துத் திரையில் காட்டுங்கள். சர்வர் சர்வராக நுழைந்து லாக் பார்க்கும் வேலை மிச்சம். ஆனால் ரெஸ்க்யூவின் முடிவில் ஃபெயில் மாட்யூலைக் கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் பிழை சரிசெய்யப்பட்டதாக எடுத்துக்கொண்டு அன்சிபிள் மேலே போய்விடும்.

எல்லா சர்வரையும் ஒன்றாகத் தட்டாதீர்கள்

ஒரு தடவைக்கு எத்தனை சர்வர் என்று வரையறுப்பது சீரியல். அதில் எதுவும் சொல்லாவிட்டால் எல்லா சர்வர்களும் ஒரே பிளேயில் நகரும், ஹேண்ட்லர்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஓடும். ஒரே நேரத்தில் ஐந்து சர்வர் என்ற ஃபோர்க்ஸ் அளவு உங்களைக் காப்பாற்றாது, அது வேகத்துக்கான எண், பாதுகாப்புக்கானது இல்லை. சீரியலில் முதலில் 1, அப்புறம் 25 சதவீதம் என்று பட்டியலாகக் கொடுங்கள். முதல் சர்வர் தோற்றால் பிளே அங்கேயே நிற்கும், மற்றவை தப்பிக்கும். மேலே சொன்ன 200 சோதனை இருந்தால்தான் இதற்கு அர்த்தம், தோல்வியைக் கண்டுபிடிக்கவே வழியில்லாமல் ஒவ்வொன்றாக உடைப்பதில் என்ன லாபம்?

டெபியன், உபுண்டு குடும்பத்தையும் ரெட் ஹேட் குடும்பத்தையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. சர்வீஸ் பெயர்கள் வேறு: டெபியன் குடும்பத்தில் அப்பாச்சி2, கிரான்; ரெட் ஹேட் குடும்பத்தில் எச்டிடிபிடி, கிரான்டி. ஓஎஸ் ஃபேமிலியை வைத்து ஒரு வேரியபிளில் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், டெபியன் குடும்பத்தில் பேக்கேஜை நிறுவியதுமே, உங்கள் அமைப்பு ஃபைல் போய்ச் சேரும் முன்பே, சர்வீஸ் இயல்பு அமைப்போடு ஓடத் தொடங்கிவிடும். அது கூடாது என்றால் ஏபிடி மாட்யூலில் பாலிசி ஆர்சி டி என்ற அளவுருவுக்கு 101 கொடுங்கள், தொடங்காது.

குறித்த நேரத்தில் சர்வீஸைக் கிளப்பும் சிஸ்டம்டி டைமர்களுக்கு எனேபிள் செய்ய வேண்டியது டாட் டைமரை, டாட் சர்வீஸை அல்ல. அன்சிபிள் போன்ற இன்னொரு கருவியான பப்பெட்டின் ஏஜென்ட் இயல்பாக அரை மணிக்கு ஒரு முறை வந்து நிலையைச் சரிபார்க்கும், அன்சிபிள் நீங்கள் ஓட்டினால்தான் வரும், எனவே யாராவது கையால் நிறுத்திய சர்வீஸ் அடுத்த ஓட்டம் வரை நின்றே இருக்கும்; தினமும் ஒரு முறையாவது தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு சர்வீஸ் இனி வேண்டாம் என்றால் பிளேபுக்கிலிருந்து அந்த வரிகளை நீக்கினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், சர்வரில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முதலில் ஸ்டேட் ஸ்டாப்ட், எனேபிள்ட் ஃபால்ஸ். அதன் பிறகு யூனிட் ஃபைலையும் ஓவர்ரைட் கோப்புறையையும் அழியுங்கள், பிறகு டீமன் ரீலோட். ஃபைலை முதலில் அழித்துவிட்டால் ப்ராசஸ் ஓடிக்கொண்டே இருக்கும், பூட் இணைப்பும் அநாதையாகத் தொங்கும். நீக்கும் டாஸ்க் எல்லா சர்வரிலும், அன்றைக்கு அணைந்து கிடந்தவை உட்பட, ஓடி முடிந்த பிறகு அந்த டாஸ்க்கையும் எடுத்துவிடலாம்.